காட்டுக்குள் ஒரு வாங்கு வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

பெத்தகான ஈரநிலப் பூங்காவில் நான் காலையில் நடக்கிற கதையைப் போன மாதம் எழுதி, கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நகரத்துக்குள் ஒரு காடு இருந்தால் அங்கே உங்களுக்கு என்ன வேண்டும்? பதில்களும், நீங்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளுமாக ஒரு கடதாசிப் பை நிறைந்துவிட்டது. ஊஞ்சலும் வண்ண விளக்கும் கேட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எழுதியதெல்லாம் மலசலகூடம், நிழல், இருக்க ஒரு வாங்கு, பயமில்லாமல் நடக்க ஒரு பாதை, போய்வர ஒரு பஸ். முப்பது வருஷம் தாவரவியல் படிப்பித்தவள் நான். மரங்களைப் பற்றி எவ்வளவோ கதைத்திருக்கிறேன், அந்த மரத்தடிக்கு வருகிறவருக்கு என்ன தேவை என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. பாடசாலையில் மரம் கீறச் சொன்னார்களாம். அவன் மரத்துக்குக் கீழே ஒரு பூச்சாடியையும் சேர்த்துக் கீறிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் மட்டும் ஏன் இப்படி?
*– ஒரு தாய், கொட்டாஞ்சேனை*

உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன், தங்கச்சி. பிள்ளை கண்டதைத்தான் கீறியிருக்கிறான். அவன் கண்ட செடி எல்லாம் சாடியில்தானே நிற்கிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த நகர்க்காட்டு ஆய்வாளர் செசில் கொனெய்னென்டெய்க் 2021இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். 3, 30, 300 என்ற மூன்று எண்கள்தான் அது. ஒவ்வொரு வீட்டின் யன்னலிலிருந்தும் 3 மரங்களாவது தெரிய வேண்டும். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 வீத நிலத்துக்கு மர நிழல் இருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் 300 மீற்றருக்குள் ஒரு பசுமையான இடம் இருக்க வேண்டும். உங்கள் யன்னலுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். நான் வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடியில் நின்று எண்ணினேன். ஒரு தென்னை, ஒரு மா. மூன்றாவது மரம் போன வருஷம் வாகனத் தரிப்பிடமாகிவிட்டது.

கொழும்பில் பசுமை இல்லை என்று சொல்ல முடியாது, அது பங்கிடப்பட்ட விதத்தில்தான் நீதி இல்லை. விகாரமகாதேவி பூங்கா கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. சுதந்திர சதுக்கத்து மரங்களும் அந்தப் பக்கம்தான். வீட்டுக்குள்ளேயே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பூங்காவும் பக்கத்தில் இருக்கிறது. தோட்டம் என்ற பெயரில் வரிசை வீடுகளில் நெருங்கி வாழும் வட கொழும்புச் சனத்துக்கு இரண்டும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம்.

இப்போதைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறு காலை 176 பஸ்ஸில் ஏறி ராஜகிரியவில் இறங்குங்கள். அங்கிருந்து முச்சக்கரவண்டியில் பெத்தகான அதிக தூரமில்லை. சிறிய நுழைவுக் கட்டணம் உண்டு. பிள்ளையிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். நீர்க்கரையில் மருது மரத்தைக் கண்டால் அதன் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வழுவழுப்பாக, வெளிறி, பட்டை பட்டையாக உரிந்து நிற்கும். வேர் தண்ணீருக்குள் இறங்குவதையும் காட்டுங்கள்.

அப்புறம், பாடசாலை அதிபரோடு கதையுங்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில், சதுர மீற்றருக்கு மூன்று நான்கு கன்றுகளாக அந்தந்த மண்ணின் மரங்களை நெருக்கி நட்டு, ஒரு வகுப்பறை அளவு நிலத்திலும் சிறு காடு வளர்க்கிறார்கள். அதற்குள் ஓடி விளையாட முடியாது. ஆனால் மரம் சாடியில் முளைப்பதில்லை என்று பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள்.

பெத்தகான மாதிரி இடங்களில் இரவில் விளக்கு, இசை, உணவுக்கடை எல்லாம் போட்டால் கூட்டம் வருமே? வருமானமும் வருமே?
*– வாசகர், பம்பலப்பிட்டி*

வரும். ஆனால் எனக்குச் சம்மதமில்லை. உணவுக்கடையும் விளக்கும் வேண்டியவர்களுக்குப் பத்தரமுல்லையில் தியத்த உயன இருக்கிறது. பிள்ளை குட்டிகளோடு போய், மீன் பார்த்து, கொத்து ரொட்டி சாப்பிட்டு வர நல்ல இடம். காலிமுகத்திடலும் இருக்கிறது. காட்டையும் அப்படியே ஆக்கிவிட்டால், அமைதி தேடுகிறவர் எங்கே போவார்? கொழும்பின் ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். இவ்வளவு பெரிய நகரத்துக்குள் ஒரு காட்டுப்பூனை இரவில் தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கிறது என்பதே எனக்குப் பெருமை. அதற்கு இருட்டு வேண்டும்.

எனக்கு இருபத்தேழு வயது. அலுவலக வேலை. மரங்களுக்கு நடுவே தனியாக நடக்க ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது. அம்மாவும் விடமாட்டார். என் பயம் வீண் பயமா, டீச்சர்?
*– வாசகி, தெஹிவளை*

வீண் பயம் இல்லை, பிள்ளை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எத்தனையோ பெண்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சம்பவம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். நுழைவுச் சீட்டு எடுக்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் உங்கள் வயதில் ஒரு பெண். தோளில் ஒரு பை, கையில் தண்ணீர்ப் போத்தல். சீட்டுக் கொடுக்கிறவர் "தனியாகவா?" என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். அவர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் வரவில்லையா?" என்று மறுபடி கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டாரா, அக்கறையில் கேட்டாரா என்பது வேறு கதை. நீட்டிய காசை அந்தப் பிள்ளை திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கூப்பிட்டிருக்க வேண்டும், "என்னோடு வாருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வருவதற்குள் அவள் தெருவைக் கடந்துவிட்டாள். இன்றைக்கும் அது எனக்குள் உறுத்துகிறது.

ஜே அப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1975இல் ஒரு கருத்தை எழுதினார். தூரத்தைப் பார்க்க முடிகிற, அதே நேரம் தன் முதுகுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிற இடம்தான் மனிதருக்குப் பிடிக்கும் என்பது அதன் சாரம். நீங்கள் எந்த மரத்தடியில் இருக்க விரும்புகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடிமரம் முதுகுக்குப் பின்னால், முன்னால் வெட்டவெளி. இதை வைத்துப் பார்த்தால் பெண்களுக்கான காட்டுப்பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதும் விளங்கும். வளைவு திரும்புமுன் அடுத்த பக்கம் யார் வருகிறார் என்று தெரிய வேண்டும். போன வழியே திரும்பாமல் வட்டமாக வந்து வாசலில் முடிய வேண்டும். நடுவில் வெளியேற இன்னொரு வாசல் இருந்தால் இன்னும் நல்லது.

இதைச் சொன்னால் உடனே புதர் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுகிறார்கள். அது பிழை. பாதையின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டினால் போதும், அதற்கு அப்பால் காடு காடாகவே இருக்கட்டும். புதர் போனால் செண்பகப் பறவையும் போய்விடும், கீரியும் போய்விடும், பிறகு நாம் பார்க்கப் போவது எதை?

வாங்கு எங்கே போடுவது என்பதும் முக்கியம். பாதையை விட்டு உள்ளே, மூலையில் போட்டால் அதில் பெண்கள் இருக்கமாட்டார்கள். பாதை ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, முதுகு சாயக்கூடியதாகப் போட்டால் இருப்பார்கள். ஒரு பெண் இருந்து புத்தகம் வாசிக்கிறாள் என்று கண்டால் அடுத்த பெண்ணுக்கும் தைரியம் வரும்.

இன்னொரு சிக்கலை நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களுக்கும் அது இருக்கும். நம் ஊரில் வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்குச் சூரியன் போய்விடுகிறது. ஐந்து மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் தொங்கி வருகிறவளுக்குக் காட்டைப் பார்க்க வெளிச்சமே மிச்சமில்லை. ஐரோப்பாவில் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் காட்டில் நடப்பார்கள். நம் திட்டங்களை அந்த ஊர்களைப் பார்த்து வரைந்தால் சரிவராது. வார நாட்களில் சுதந்திர சதுக்கம் போன்ற வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள இடத்தில் நடங்கள். சனி, ஞாயிறு காலையைக் காட்டுக்கு வையுங்கள். முதல் நாள் ஒரு தோழியோடு போய்ப் பாதையைப் பழகுங்கள். இரண்டாம் தடவை, எங்கே வளைகிறது, எங்கே காவலாளி நிற்கிறார் என்று காலுக்கே தெரிந்துவிடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஞாயிறு காலையில் அங்கே நடக்கிறவர்களில் பாதிப்பேர் அவருடைய வயதுக்காரர்கள் என்று. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

காடு வளர்த்தால் நுளம்பு வரும். டெங்கு வரும். பிறகு யார் பொறுப்பு?
*– வாசகர், கிருலப்பனை*

நியாயமான கவலை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். டெங்கைப் பரப்புவதில் முதலிடம் ஈடிஸ் எகிப்தி நுளம்புக்கு. அது சதுப்பு நிலத்தில் முட்டையிடப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிரூட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, இப்படிச் சிறிய தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மீனும் தும்பியின் குடம்பியும் உள்ள ஈரநிலத்தில் நுளம்புக் குடம்பிகள் இரையாகிப் போகும். அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்டஸ் கொஞ்சம் வேறு. மரப்பொந்திலும் இலைக் கக்கத்திலும் தேங்கும் தண்ணீர் அதற்குப் போதும். ஆகவே காட்டுக்குப் பொறுப்பாக நிற்பவர்களுக்கு வேலை உண்டு. அதைவிடப் பெரிய வேலை நமக்கு. நான் நடக்கும்போது பாதையோரத்தில் காண்பது தயிர்ச் சட்டி, செவ்விளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை. அவற்றை மரம் போடவில்லை.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். பாம்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பலகைப் பாதையை விட்டு இறங்காதவரை அது பெரும்பாலும் உங்களிடம் வராது. கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு பாதைக்குக் குறுக்கே படுத்திருந்தால் நின்றுகொள்ளுங்கள். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை முகர்ந்துவிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, தன்பாட்டில் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

நகரத்துக்குள் காடு என்ற எண்ணம் எப்போது வந்தது? கொழும்பில் உண்மையான நகர்க்காடு எது?
*– உயர்தர மாணவர், வத்தளை*

தம்பி, ஒரே ஊரில் தொடங்கிய எண்ணம் இல்லை இது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காட்டை அழித்தார்கள். நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்றுகள் வற்றத் தொடங்கின. 1861இல் அரசன் இரண்டாம் பேத்ரோ திரும்பக் காடு நடச் சொன்னார். அடிமைகளாக வைத்திருந்தவர்களின் கைகளால் அந்தக் கன்றுகள் நடப்பட்டன. இன்றைக்கு அதுதான் தீஜூக்கா காடு, நகரத்து மக்கள் நடக்கிற, அருவியில் குளிக்கிற காடு. அதே காலத்தில் நம் மலையகத்திலும் கோப்பிக்காகக் காடு விழுந்துகொண்டிருந்தது. நமக்குத் திரும்ப நடச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

பெர்லினின் கதை வேறு. நகரம் பெருத்துக் காடு வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்தபோது, 1915இல் பெர்லின் நகர ஒன்றியம் பிரஷ்ய அரசிடமிருந்து சுமார் 10,000 ஹெக்டயர் காட்டை விலைக்கு வாங்கியது. வீடு கட்ட விற்கக்கூடாது, மக்கள் உலாவும் காடாகவே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கொழும்பின் காடு ஈரத்தில் நிற்கிறது. பெத்தகான, தலவத்துகொடவில் தியசரு, தலங்கம குளம், பெல்லன்வில – அத்திடிய சரணாலயம், இவற்றை இணைக்கும் கால்வாய்கள். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தபோது கொழும்பும் அதில் இருந்தது. பாடப் புத்தகத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் இதன் அருமை 2010 நவம்பரில், பாராளுமன்றம் நிற்கிற தியவன்னா வாவியைச் சுற்றி இருந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். ஓர் இரவு மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. தண்ணீர் போய்த் தங்குகிற இடத்தையெல்லாம் நாம் நிரப்பிக்கொண்டு வந்ததன் பலன் அது. நீங்கள் நடந்து களைப்பாறுகிற அதே சதுப்புதான் மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது.

போய்ப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீர்க்கரை முழுக்க ஒரே மாதிரி மரம், பளபளக்கும் இலை, பச்சையில் அன்னமுன்னா போல ஒரு காய். அது வெல் ஆத்தா, அமெரிக்காவிலிருந்து வந்த ஆக்கிரமிப்புத் தாவரம். அது நிற்கிற இடத்தில் வம்மியும் மற்ற நம்முடைய மரங்களும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்வைக்குப் பச்சை என்பதால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல.

சில இடங்களில் பறவைப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்காது. நீங்கள் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்: கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி. தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், பெயர்களைத் தமிழிலும் போடுங்கள் என்று வாசலில் உள்ள குறிப்புப் புத்தகத்தில் மரியாதையாக எழுதிவிட்டும் வாருங்கள். நான் போகிற ஒவ்வொரு இடத்திலும் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் பெரிய மாரா மரம் நிற்கிறது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்ததிலிருந்து வெட்ட வேண்டும் என்கிறார்கள். நான் என்ன சொல்ல?
*– வாசகி, பொரளை*

2023 ஒக்டோபர் காலையில் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போன உயிர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மரத்துக்காக மனிதர் சாகக்கூடாது. ஆனால் முதலில் மரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடியில் காளான் இருக்கிறதா, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறதா, ஒரு பக்கத்து வேரைக் குழாய் போட வெட்டினார்களா, அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து பூசினார்களா? பெரும்பாலும் நாம் வேரைக் கொன்றுவிட்டு மரத்தைக் குற்றம் சொல்கிறோம். தகுந்தவர் வந்து பார்த்து, கனமான கிளைகளை இறக்கினால் பல மரங்கள் இன்னும் பல காலம் நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டுகிற அன்றைக்கே அடுத்த கன்று எங்கே நடப்படும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மனைவி போய் எட்டு மாதம். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மகன் கனடாவில். மரங்களுக்கு நடுவே நடந்தால் மனம் ஆறும் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையா? எனக்கு முழங்கால் வலியும் உண்டு.
*– வாசகர், வெள்ளவத்தை*

அண்ணா, ஆறும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில், யன்னலுக்கு வெளியே மரம் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துக் கிடந்தவர்கள் விரைவில் வீடு போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியான ஆய்வில், கிழமைக்கு 120 நிமிடமாவது இயற்கைக்கு நடுவே இருப்பவர்கள் தங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் உண்டு. என்றாலும் இரண்டு மணித்தியாலம் பெரிய விலை இல்லை. அதை ஒரே நாளில் கழிக்க வேண்டும் என்றும் இல்லை.

என் கணவர் போன வருஷம் நான் நடக்கவில்லை, இருந்தேன். பெத்தகானவில் பலகைப் பாதையில் போய், தண்ணீர் தெரிகிற இடத்தில் உள்ள வாங்கில் இருப்பேன். ஒரு பாம்புத்தாரா எதிர்க் கட்டையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். அது காய்ந்து பறக்கும்வரை நானும் இருப்பேன். யாரோடும் கதைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் மனிதர் நடந்துபோகிற காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது. பல கடிதங்களில் கேட்ட அந்த வாங்குக்காக நான் இவ்வளவு வாதாடுவதும் அதனால்தான்.

முழங்காலுக்குப் பலகைப் பாதை நல்லது, படி குறைவு. மழைக்குப் பிறகு மட்டும் வழுக்கும், ஆகவே அடியில் றப்பர் உள்ள சப்பாத்துப் போடுங்கள். ஒரு தொப்பி, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் நான் அங்கே இருப்பேன். தண்ணீரைப் பார்த்த வாங்கில் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்.